பிரஸ்ஃபிட்டின் மேல் விழுந்த பழி

ரோடு பைக்குக்குப் புது பிரேம் தேடுகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். என்ன அளவு, என்ன விலை, டிஸ்க் பிரேக்கா ரிம் பிரேக்கா என்று கேட்பதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை வரும்: "பிரஸ்ஃபிட் மட்டும் வேண்டாங்க. மரை வெச்சதாப் பார்த்து எடுங்க." ஈ.சி.ஆரில் விடியற்காலை ஓட்டம் முடித்து டீக்கடையில் நிற்கிறவர்கள் சொல்வது இதுதான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சைக்கிளைப் பற்றி எழுதுகிறவர்கள் பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவருவதும் இதுதான். நல்ல பிரேம் ஒன்று பாதி விலைக்கு வந்தாலும் அடியில் பிரஸ்ஃபிட் என்று தெரிந்ததும் நீட்டிய கை பின்வாங்குகிறது. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: சத்தம் வரும்.

சத்தம் பொய்யில்லை. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது காலுக்கடியிலிருந்து கிளம்பும் அந்தக் 'கடக், கடக்' எவருடைய பொறுமையையும் தின்றுவிடும். கோத்தகிரி ஏற்றம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டே ஏறியவரிடம் போய், அது உங்கள் கற்பனை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பேரிங்கை அழுத்திப் பொருத்துகிற முறைதான் அந்தச் சத்தத்துக்குக் காரணம் என்ற முடிவு தவறு. தவறு என்பதோடு நிற்கவில்லை. அது உண்மையான குற்றவாளியைத் தப்ப விடுகிறது. துளையை அளவு தவறிச் செய்து, அதன் மேல் பளபளப்பாக வண்ணம் பூசி, லட்சங்களுக்கு விற்ற தொழிற்சாலை இன்றைக்கு "நாங்கள் மறுபடியும் மரைக்குத் திரும்பிவிட்டோம்" என்று விளம்பரம் செய்து கைதட்டல் வாங்குகிறது. இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் சங்கதி என்னவென்று பார்த்துவிடுவோம். இரண்டு கிராங்குகளையும் சேர்க்கிற அச்சு, பிரேமின் அடிப்பகுதியில் உள்ள உருளை வடிவ ஷெல்லுக்குள் சுழல்கிறது. அந்த இடம்தான் பாட்டம் பிராக்கெட். அச்சின் இரு பக்கமும் ஒவ்வொரு பேரிங். அந்தப் பேரிங்கை ஷெல்லில் நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. ஷெல்லுக்குள் மரை வெட்டி, பேரிங் உள்ள கப்பைத் திருகி ஏற்றலாம். இல்லையென்றால் வழவழப்பான துளை செய்து, அதைவிட மயிரிழை பெரிதான கப்பையோ பேரிங்கையோ அழுத்தி நுழைக்கலாம்.

மரை வழியில் புகழ்பெற்றது பி.எஸ்.ஏ. மரை: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று, ரோடு பைக்கில் 68 மி.மீ. அகல ஷெல். அம்பத்தூரில் செய்த சைக்கிள்கள் வழியாக நம் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பழக்கமான அதே பர்மிங்காம் நிறுவனத்தின் பெயர்தான் இந்த மரைக்கும். அழுத்தும் வழியில் கேனன்டேல் 2000-இல் கொண்டுவந்து, 2006-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட பிபி30 முன்னோடி. 42 மி.மீ. துளையில் பேரிங் நேரடியாக உட்காரும். அச்சு 30 மி.மீ. பிறகு ஷிமானோ பக்கத்திலிருந்து 41 மி.மீ. துளையும் 86.5 மி.மீ. அகலமும் கொண்ட பிபி86 வந்தது. ஸ்ராம் 46 மி.மீ. துளையோடு பிஎஃப்30 கொண்டுவந்தது. அதற்குப் பின் ஆளுக்கொரு அளவு.

இனி வழக்குக்கு வருவோம். அழுத்திப் பொருத்துவது நம்பத்தகாத முறை என்றால், நம்பத்தகாதவற்றின் பட்டியல் மிக நீளும். பெங்களூரு எலகங்கா ரயில் சக்கர ஆலையில் சக்கரத்தை அச்சின் மேல் அழுத்தித்தான் ஏற்றுகிறார்கள். அந்தப் பிடியை நம்பித்தான் நாம் தூங்கிக்கொண்டே திருநெல்வேலி போய்ச் சேர்கிறோம். உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் இரண்டு சக்கர ஹப்பிலும் பேரிங் அழுத்தித்தான் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம்; அதே ரோடு பைக்கைப் பாருங்கள். எஃகு பிரேம்களில் ஹெட்செட் கப்பை ஹெட் டியூபுக்குள் அழுத்திப் பொருத்துவது நூறாண்டுப் பழக்கம். பிரேக் பிடிக்கும்போதெல்லாம், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அடி வாங்குகிற இடம் அது. ஹெட்செட்டுக்கு மரை வேண்டும் என்று யாரும் போராடியதாகத் தெரியவில்லை.

இன்னும் ஒரு படி கிட்டே போங்கள். மரை வைத்த வெளிப்புறக் கப் ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். அதற்குள் பேரிங் எப்படி நிற்கிறது? அழுத்தித்தான் வைத்திருக்கிறார்கள். மரை வைத்த பாட்டம் பிராக்கெட்டும் உள்ளுக்குள் ஒரு பிரஸ்ஃபிட்தான். அது ஏன் கத்துவதில்லை? அந்தக் கப்பை நல்ல லேத்தில், ஒரே ஊரில், ஒரே ஆள் பார்வையில், சில மைக்ரான் கணக்கில் கடைந்தார்கள். துளையும் சரி, பேரிங்கும் சரி. பிரேமில் நடந்த கதை வேறு.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். 46 மி.மீ. துளைக்குப் பட்டறைகளில் சாதாரணமாகக் கேட்கிற ஹெச்7 என்ற பொருத்த அளவில் அனுமதிக்கப்படும் வேறுபாடு 25 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் கிட்டத்தட்ட 70 மைக்ரான் என்றால் கணக்கு புரியும். அலுமினியக் கட்டியில் இந்த அளவைப் பிடிப்பது அன்றாட வேலை. கார்பனில் அது எளிதில்லை. மோல்டுக்குள் துணி போல அடுக்கிய கார்பன் இழை, பிசின் இறுகும்போது சுருங்குகிறது. வெளியே எடுத்த பிறகு துளை கொஞ்சம் கோணலாகவோ முட்டை வடிவமாகவோ இருக்கலாம். அதை மறுபடி கடைந்து நேராக்க வேண்டும். கார்பனோ வெட்டும் கருவியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். கருவியை மாற்ற வேண்டும், ஒவ்வொரு பிரேமையும் அளக்க வேண்டும், தவறியதை ஒதுக்க வேண்டும். எல்லாமே காசு.

காசு எங்கே மிச்சமானது என்பதை பிபி30-இலிருந்து பிஎஃப்30-க்கு வந்த பாதை காட்டிக்கொடுக்கிறது. பிபி30-இல் எஃகுப் பேரிங் நேராகத் துளையில் உட்காருவதால் துளை துல்லியமாக இருந்தே தீர வேண்டும். கார்பன் பிரேமுக்குள் அலுமினிய ஸ்லீவ் ஒட்டி, அதைக் கடைந்தார்கள். பிஎஃப்30 வந்தபோது பேரிங்கைச் சுற்றி நைலான் கப் வந்தது. நைலான் கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும், அதனால் துளை அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, ஸ்லீவும் வேண்டாம். பிரேம் இலேசானது, செலவு குறைந்தது. இந்த விட்டுக்கொடுப்பைத்தான் முன்னேற்றம் என்று விற்றார்கள். அழுத்தப் பொருத்தம் என்ற பழைய, நாணயமான முறை துல்லியம் ஒன்றைத்தான் கேட்கிறது. அதைத் தராமல், நடுவில் பிளாஸ்டிக்கை வைத்துச் சமாளித்துவிட்டு, சத்தம் வந்ததும் பழியை முறையின் தலையில் போட்டுவிட்டார்கள்.

சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் இது இன்னும் விளங்கும். ஒவ்வொரு மிதிக்கும் பாரம் ஒரு பக்கப் பேரிங்கிலிருந்து மறுபக்கத்துக்கு மாறுகிறது. கப்பைத் துளை போதுமான இறுக்கத்தில் பிடிக்கவில்லையென்றால், ஒவ்வொரு மிதிக்கும் கப் சில மைக்ரான் வழுக்கி மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுவதும் வழுக்குவதும்தான் அந்த 'கடக்'. கார்பன் பிரேம் உள்ளே வெற்று. கடத்தின் வயிறு போல அந்தச் சிறு ஒலியை வாங்கிப் பெரிதாக்கித் தருகிறது.

இரண்டாவது கோளாறு இதைவிட மோசமானது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இடது பக்கத் துளையும் வலது பக்கத் துளையும் ஒரே அச்சில் இருக்க வேண்டும். இரு பக்கத்தையும் தனித்தனியாகக் கடைந்தால் ஒன்று மேலும் ஒன்று கீழும் போகும், அல்லது ஒன்று சாயும். நேரான அச்சை அதற்குள் செலுத்தும்போது பேரிங்குகள் கோணலாக நின்று சுழல்கின்றன. கை வைத்துச் சுற்றினாலே கிராங்க் கனமாக இருக்கும். சில மாதங்களில் பேரிங் போய்விடும். புதுப் பேரிங் போடுவார்கள்; அதுவும் போகும். கடைசியில் "பிரஸ்ஃபிட்டே இப்படித்தான்" என்பார்கள். எஞ்சின் கிராங்க்கேஸில் மெயின் பேரிங் இடங்களை ஒரே செட்டப்பில், ஒரே கம்பியில் போர் அடிப்பது இந்தக் கோளாறு வராமல் இருக்கத்தான். இதைக் கோயம்புத்தூரில் எந்த லேத் பட்டறையிலும் சொல்வார்கள்.

கோயம்புத்தூரைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே பம்ப்செட் மோட்டார் பார்க்கிற பட்டறைகளில் பேரிங்கை அழுத்தி ஏற்றுவதும் புல்லர் போட்டு இழுப்பதும் தினசரி வேலை. மோட்டார் கவரில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து லூசானால், அழுத்திப் பொருத்துவது மோசமான முறை என்று அந்த மெக்கானிக் சொல்வதில்லை. கவரை லேத்தில் கொடுத்து, புஷ் போட்டு, சரியான அளவுக்கு மறுபடி போர் அடித்து வாங்குகிறார். துளையில் குறை என்றால் துளையைத்தான் சரி செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. லட்சங்களில் விலை வைக்கிற சைக்கிள் உலகம் இதைப் பேச மறுக்கிறது.

மரையின் பக்கம் நிற்கிறவர்களின் மிகப் பலமான வாதம் இதுதான்: மரை நூறாண்டாக வேலை செய்திருக்கிறதே. ஆம், செய்திருக்கிறது. ஏன் செய்தது என்பதைத்தான் அவர்கள் மறந்துவிட்டார்கள். பழைய எஃகு பிரேம் கடைக்கு வந்தால், நல்ல மெக்கானிக் அதை அப்படியே பூட்ட மாட்டார். ஷெல்லின் இரு பக்கமும் மரை வெட்டும் டேப் விட்டு மரையைச் சுத்தம் செய்வார். அந்த இரண்டு டேப்பும் நடுவில் ஒரே வழிகாட்டிக் கம்பியில் கோத்தவை. அதனால் இடது மரையும் வலது மரையும் ஒரே அச்சுக்கு வந்துவிடும். பிறகு ஷெல்லின் முகப்புகளை இணையாகச் சீவுவார். பிரேம் கட்டியவர் விட்ட பிழையைக் கடைக்காரர் கை திருத்தியது. அந்த உழைப்பின் பெயர் மரைக்குப் போய்ச் சேர்ந்தது.

பிரஸ்ஃபிட் வந்தபோது, "இதற்கு எந்தத் தயாரிப்பும் வேண்டாம், பெட்டியிலிருந்து எடுத்து அழுத்தினால் போதும்" என்றார்கள். தொழிற்சாலையில் வேலை மிச்சம், கடையிலும் வேலை மிச்சம். துளையை அளக்கிற ஆள் இரண்டு இடத்திலும் இல்லாமல் போனார். நாம் இழந்தது அந்த ஆளைத்தான். மரையைத் திரும்பக் கொண்டுவந்தாலும் அவர் திரும்பி வரவில்லை என்றால் என்ன பயன்? இன்று மரை வைத்த கார்பன் பிரேம் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் கடையில் டேப் விட்டு, முகப்புச் சீவித் தரச் சொல்கிறார்கள்? மரை என்ற சொல்லைக் கேட்டதும் நிம்மதியாகப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

கார்பன் பிரேமில் மரை எங்கே வெட்டப்படுகிறது என்பதையும் கேளுங்கள். கார்பனில் நேரடியாக மரை வெட்டினால் நிற்காது. உள்ளே ஓர் அலுமினியக் குழாயை ஒட்டியோ சேர்த்து வார்த்தோ அதில்தான் வெட்டுகிறார்கள். ஆக, கழற்ற முடிகிற ஓர் அழுத்தப் பொருத்தத்தை எடுத்துவிட்டு, கழற்றவே முடியாத ஓர் ஒட்டுப் பொருத்தத்தை வைத்திருக்கிறார்கள். அந்த ஒட்டு விட்டால் அதுவும் கத்தும். அதைச் சரி செய்வது பிரஸ்ஃபிட் கப்பை மாற்றுவதைவிடப் பல மடங்கு கடினம். கார்பனும் அலுமினியமும் உப்பு நீரின் முன்னிலையில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரிக்கும். அதைத் தடுக்க நடுவில் கண்ணாடி இழை வைப்பார்கள். அது ஒழுங்காக இருக்கும்வரை கவலையில்லை. கடலோரக் காற்றிலும் வியர்வையிலும் ஓடுகிற சென்னை வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை. நைலான் கப் கார்பனில் உட்கார்ந்தால் இந்த அரிப்பு அங்கே நடக்க வழியில்லை.

மரைக்குள்ளும் எல்லாம் சுகமில்லை. 36 மி.மீ. இத்தாலிய மரையில் இரு பக்கமும் வலது மரை. பேரிங் சுழற்சியின் போக்கில் செயின் பக்கக் கப் மெல்லக் கழன்று வருவது மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை. அந்த மரையோடுதான் பினரெல்லோ வண்டிகளில் ஸ்கை அணி டூர் டி பிரான்ஸை வரிசையாக வென்றது. அதைச் சரியாக இறுக்கத் தெரிந்த கை இருந்தது. அதனால் யாரும் இத்தாலிய மரையைத் தடை செய்யச் சொல்லவில்லை. பிரஸ்ஃபிட்டுக்கு மட்டும் அந்த நியாயம் கிடைக்கவில்லை.

அகலமான ஷெல்லும் பெரிய அச்சும் வெறும் விற்பனைப் பேச்சு என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு. முறுக்கைத் தாங்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 24 மி.மீ. அச்சை அதே சுவர் விகிதத்தில் 30 மி.மீ. ஆக்கினால் அது 2.4 மடங்கு. அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே 30 மி.மீ. அலுமினிய அச்சு 24 மி.மீ. எஃகு அச்சின் விறைப்பில் ஐந்தில் நான்கு பங்கைத் தரும், எடையிலோ பாதியைச் சற்றுத் தாண்டும். சுவரைக் கொஞ்சம் தடிக்க வைத்தால் விறைப்பும் சமமாகிவிடும். பிபி86-இல் ஆதாயம் வேறு மாதிரி: வெளிப்புறக் கப் வைத்த மரை ஷெல்லில் பேரிங்குகள் ஷெல்லுக்கு வெளியே தொங்கும். அதே இடத்தில் அவற்றை வைத்துக்கொண்டு ஷெல்லை 86.5 மி.மீ. வரை விரித்தால், டவுன் டியூபும் செயின் ஸ்டேயும் அந்த அகலம் முழுவதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். இது பொறியியல். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

எல்லா பிரஸ்ஃபிட்டையும் காப்பாற்ற நான் வரவில்லை. 41 மி.மீ. துளைக்குள் 30 மி.மீ. அச்சைத் திணிப்பது தவறான ஏற்பாடு. பக்கத்துக்கு ஐந்தரை மி.மீ.தான் மிச்சம், அதற்குள் கப்பின் சுவர், பேரிங்கின் இரண்டு வளையங்கள், குண்டு எல்லாம் அடங்க வேண்டும். குண்டு சிறுத்துவிடும், சீக்கிரம் தேயும். பிபி86 பிரேம் வைத்திருப்பவர் 24 மி.மீ. அச்சுள்ள கிராங்க் போடுவதே சரி. அதே போல டிரெக்கின் பிபி90. பேரிங் எந்தக் கப்பும் இல்லாமல் கார்பனிலேயே உட்காரும். பேரிங் மாற்றும் ஒவ்வொரு முறையும் இருக்கை கொஞ்சம் தேய, பிறகு சற்றே பெரிய வெளிவிட்டத்தில் பேரிங் விற்க வேண்டிய நிலை வந்தது. 30 மி.மீ. அச்சுக்கான துளையில் 24 மி.மீ. அச்சைப் பொருத்த அடாப்டர் மேல் அடாப்டராக அடுக்குவதும் வீண்; ஒவ்வொரு அடுக்கும் கத்துவதற்கு இன்னொரு இடம். இவற்றையெல்லாம் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் அதன் பெயர் சொல்லித் திட்டுங்கள்.

பழி தவறாக விழுவதால் வரும் நட்டம் வண்டிக்காரருக்குத்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் பிபி86 பிரேமில் வந்த சத்தத்துக்காகக் கடையில் பாட்டம் பிராக்கெட்டைத் திரும்பத் திரும்ப மாற்றினார். கடைக்காரர் ஒரு முறைகூடத் துளையை அளக்கவில்லை. வேறு இடத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் சத்தம் சீட் போஸ்ட் கிளாம்ப்பிலிருந்து வந்தது. உட்கார்ந்து மிதித்தால் சத்தம், எழுந்து மிதித்தால் இல்லை என்ற ஒரு குறிப்பே அதைச் சொல்லியிருக்கும். பெடல் மரை, செயின் ரிங் போல்ட், சேணத்தின் கம்பி, பின் சக்கர அச்சு பிரேமைத் தொடும் இடம், டீரெய்லர் ஹேங்கர், ஸ்டெம், ஹெட்செட் எல்லாமே காலுக்கடியில் சத்தம் வருவது போலக் காட்டும். பிரஸ்ஃபிட் என்றாலே சத்தம் என்று முடிவு கட்டியவர் இவற்றைத் தேடுவதில்லை.

வண்டியைச் சொந்தமாகப் பூட்டுகிறவர்களுக்குச் செய்முறையும் சொல்கிறேன். பிரேம் கைக்கு வந்ததும் குரூப்செட், சக்கரம், ஹேண்டில்பார் டேப் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள்; முதல் வேலை துளை. பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு உட்புறத்தைத் துடையுங்கள். வண்ணத் துளி, பிசின் முத்து எதுவும் இருக்கக் கூடாது. போர் கேஜ் வைத்து ஒவ்வொரு பக்கமும் வாயில், நடுவில், ஆழத்தில் என மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளவெடுங்கள். வெர்னியர் இதற்குப் போதாது. கருவி இல்லையென்றால் பக்கத்து லேத் பட்டறைக்குப் பிரேமைத் தூக்கிக்கொண்டு போங்கள்; நம் ஊர்களில் போர் கேஜ் இல்லாத நல்ல பட்டறை கிடையாது. கப்பின் வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். அளவுகளை எழுதி வையுங்கள், படம் எடுத்து வையுங்கள்.

அளவு சரியென்றால் கப்பைத் திருகு பிரஸ் வைத்து, ஒவ்வொரு பக்கமாக, நேராக அழுத்துங்கள். அழுத்தம் வெளிவளையத்தில் மட்டும் விழ வேண்டும். உள்வளையத்தில் விழுந்தால் குண்டுகள் தடத்தில் பள்ளம் போட்டுவிடும். சுத்தியலை அந்த அறைக்கே கொண்டு வராதீர்கள். கிரீஸா, காய்ந்த பொருத்தமா, ரிடெயினிங் காம்பவுண்டா என்பதற்குக் கப் செய்தவரின் கையேட்டைப் பாருங்கள். லாக்டைட் 641 போன்றவை உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே நன்றாகப் பிடிக்கும், பிறகு கழற்றவும் விடும். கார்பனிலும் நைலானிலும் அது தானாக இறுகாது, ஆக்டிவேட்டர் வேண்டும். சில பிளாஸ்டிக்குகளை அது கெடுக்கவும் கூடும். ஷிமானோ கிராங்க் என்றால் பக்கவாட்டு மூடியை 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டருக்குள் விரல் பலத்தில் நிறுத்தி, பிறகுதான் இரண்டு போல்ட்டையும் 12 முதல் 14 வரை மாறி மாறி இறுக்க வேண்டும். பலர் மூடியையே முறுக்கி பேரிங்கைக் கொல்கிறார்கள்.

துளை கொஞ்சம் தவறியிருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. இரண்டு கப்பும் நடுவில் ஒன்றோடொன்று மரை கோத்து இணையும் வகையை டோக்கன், வீல்ஸ் மேனுபேக்சரிங் போன்றவர்கள் செய்கிறார்கள். இரு பக்கமும் ஒரே உடலாகிவிடுவதால் பேரிங்குகள் ஒரே அச்சுக்கு வருகின்றன; கப் வெளியே நகரவும் முடியாது. பிரஸ்ஃபிட் பிரேமை வைத்துக்கொண்டே, ஒரு கப் மாற்றத்தில், பல ஆண்டுச் சத்தத்தை நிறுத்தியவர்கள் ஏராளம். முறையே கோளாறு என்றால் இது எப்படிச் சாத்தியம்?

வழியில் கெட்டால் கிராமத்துச் சைக்கிள் கடையில் சரி செய்ய முடியாதே என்பார்கள். உண்மைதான். மரை வைத்த வெளிப்புறக் கப்பைக் கழற்றும் 16 பல் ஸ்பேனரும் அந்தக் கடையில் இருக்காது. காட்டர் பின் வைத்த கிராங்குக்கான கருவிகள்தான் அங்கே இருக்கும். இந்த விஷயத்தில் இரண்டும் சமம்.

பந்தய வீரர்களைக் காட்டினால், அவர்களுக்கு மெக்கானிக் இருக்கிறார் என்று பதில் வரும். மாத்யூ வான் டெர் பூல் 2023-லும் 2024-லும் பாரிஸ்–ரூபே பந்தயத்தை வென்றது கேன்யனின் பிரஸ்ஃபிட் வண்டியில். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கருங்கல் பாதையில் உதறிக்கொண்டு போகிற பந்தயம் அது. அவருக்கு மெக்கானிக் இருக்கிறார் என்பது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது: அளந்து, சரியாகப் பூட்டினால் பிரஸ்ஃபிட் உலகத்தின் மிக மோசமான பாதையைத் தாங்கும்.

கடைசியாக, கம்பெனிகளே மரைக்குத் திரும்பிவிட்டனவே என்ற வாதம். டிரெக் 2019-இல் டோமானேயில் டி47 என்ற மரை அளவுக்குப் போனது. ஸ்பெஷலைஸ்டு 2020-இல் டார்மாக் எஸ்எல்7-இல் பி.எஸ்.ஏ. மரையைக் கொண்டுவந்தது. பிபி30-ஐப் பெற்ற கேனன்டேலே 2023 சூப்பர்சிக்ஸ் ஈவோவில் பி.எஸ்.ஏ.வுக்கு வந்துவிட்டது. இதைக் குற்ற ஒப்புதல் என்கிறார்கள். ஒப்புதல்தான், எதை ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான் கேள்வி. கார்பன் துளையை வேண்டிய துல்லியத்தில், ஒவ்வொரு பிரேமிலும், விற்கிற விலைக்குள் செய்ய எங்களால் முடியவில்லை அல்லது மனமில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். பழைய பிரேம்களை வாங்கிச் சத்தத்தோடு ஓட்டியவர்களுக்கு அந்த ஒப்புதலால் ஒரு பைசா நட்டஈடு கிடைக்கவில்லை. மாறாக, புது பிரேம் வாங்க ஒரு காரணம் கிடைத்தது. ஜயண்டும் கேன்யனும் அதற்குப் பிறகும் பிரஸ்ஃபிட் பிரேம்களைச் செய்தன.

ஆகவே வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மரையா, பிரஸ்ஃபிட்டா என்று கேட்பதை நிறுத்துங்கள். துளையின் விட்டம் எவ்வளவு, எவ்வளவு வேறுபாடு வரை உங்கள் கம்பெனி ஏற்றுக்கொள்ளும், இரண்டு பக்கமும் ஒரே அச்சில் இருக்கிறதா, யார் அளந்தார்கள், அளவு தவறியிருந்தால் பிரேமைத் திரும்ப எடுப்பீர்களா என்று கேளுங்கள். மரை வைத்த பிரேமுக்கும் இதையே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.